இதய ரத்தக்குழாய் உப்பிப்போனா பண்ற ஆப்பரேஷன்: எங்ககிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்க

எங்கப்பாவுக்கு 58 வயசு, சேலம் செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறைல வேலை. போன வருஷம் இதயத்தோட வலதுபக்க ரத்தக்குழாய் 24 மில்லிமீட்டர் வரைக்கும் உப்பியிருக்குன்னு தெரிஞ்சு ஆப்பரேஷன் பண்ணோம். அதுல இருந்து சொந்தத்துல, பட்டறைல, அம்மா ஊர் ஏற்காடு பக்கம் நாகலூர்ல யாருக்கு ரிப்போர்ட்ல "அன்யூரிசம்"னு வந்தாலும் போன் எனக்குத்தான் வருது. ராத்திரி 11 மணிக்கு அழுதுகிட்டே பேசுவாங்க, அவசரத்துல பாதி சொல்லி பாதி விட்டுடறேன், அதனால எல்லாத்தையும் நிதானமா ஒரே இடத்துல எழுதி வெக்கறேன். நான் டாக்டர் இல்லீங்க, மக. எட்டு மாசம் ஃபைலோட அலைஞ்சு டாக்டருங்ககிட்ட கேட்டு கேட்டு தெரிஞ்சுகிட்டது இது. உங்க கேஸுக்கு கடைசி வார்த்தை உங்க டாக்டரோடதுதான்.

அன்யூரிசம்னா அடைப்பா?

இல்லீங்க, அடைப்புக்கு நேர் எதிர். அடைப்புன்னா குழாய் உள்ள குறுகிப்போறது, இது அகலமாகிப்போறது. இதயத்துக்கே ரத்தம் குடுக்கற குழாய்ங்க சாதாரணமா 3, 4 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். பக்கத்துல நல்லா இருக்கற பகுதியவிட ஒன்றரை மடங்குக்கு மேல ஒரு இடத்துல மட்டும் பலூன் மாதிரி உப்பியிருந்தா அன்யூரிசம்னு சொல்றாங்க, குழாயோட நீளத்துக்கே பெருசா விரிஞ்சிருந்தா எக்டேசியான்னு எழுதுவாங்க. பெரியவங்களுக்கு 20 மில்லிமீட்டர தாண்டினா "ஜெயன்ட்"னு ரிப்போர்ட்ல வரும், குழந்தைங்களுக்கு 8 மில்லிமீட்டரே ஜெயன்ட்தான். ஒரே ஆளுக்கு ஒரு இடத்துல உப்பலும் இன்னொரு இடத்துல அடைப்பும் சேர்ந்து இருக்கறது ரொம்ப சகஜம், எங்கப்பாவுக்கும் அப்படித்தான்.

எப்ப வேணா வெடிச்சிடுமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்ளோவும் எழுதறேன். முதல் ராத்திரி எங்க வீட்டுல யாரும் தூங்கல, அப்பா தும்மினாக்கூட அம்மா பதறி எழுந்திருச்சாங்க, நெஞ்சுக்குள்ள வெடிகுண்டு இருக்கற மாதிரி நெனச்சுகிட்டோம். வெடிக்கறது நடக்கவே நடக்காதுன்னு சொல்ல முடியாது, ஆனா அரிது. அதவிட ரொம்ப பெரிய ஆபத்து வேற, ரத்தம் உள்ளயே உறையறது.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இத புரிய வெக்கறது சுலபம். ஒகேனக்கல்ல பாய்ஞ்சு வர்ற காவேரி மேட்டூர் டேம்ல வந்து அகலமானதும் எப்படி அசையாம நிக்குது? நின்ன தண்ணில வண்டல் படியுதில்ல, அதே கணக்குதான். உப்பின இடத்துல ரத்தம் வேகம் கொறஞ்சு சுத்திகிட்டே நிக்கும், நின்னா உறையும், அந்த கட்டில ஒரு துண்டு ஒடஞ்சு கீழ சின்ன குழாய்ல போய் மாட்டிச்சுன்னா அங்கதான் மாரடைப்பு. அப்பாவுக்கு உள்ள திறந்து பாத்தப்ப பாதிக்கு மேல பழைய ரத்தக்கட்டிதான் இருந்துச்சுன்னு சர்ஜன் சொன்னாரு.

அதனால "தும்மாத, சிரிக்காத, படி ஏறாத"ன்னு வீட்டுல இருக்கறவங்கள கட்டிப்போடறதுல அர்த்தமில்ல. குடுத்த மாத்திரைய ஒரு வேளைகூட விடாம போடுறாங்களான்னு பாருங்க. அங்கதான் உயிரு இருக்கு.

இது எதனால வருது?

பெரியவங்கள்ல பாதிப்பேருக்கு காரணம் நமக்கு தெரிஞ்ச அதே கொழுப்பு படியற நோய்தான், குழாயோட சுவர் பலவீனமாகி சிலருக்கு குறுகாம விரிஞ்சிடுது. பீடி சிகரெட், பிபி எல்லாம் இதுக்குள்ள வரும். எங்கப்பா 30 வருஷம் பீடி குடிச்சவரு. இது இல்லாம ரத்தக்குழாய் சுவர்லயே அழற்சி வர்ற சில நோய்ங்க, மார்ஃபான் மாதிரி பொறப்புலயே வர்ற இணைப்புத்திசு நோய், கிருமித்தொற்று, முன்னாடி ஸ்டென்ட் (குழாய விரிச்சு வெக்கற கம்பிவலை) வெச்ச இடத்துல வர்றதுன்னு பல வழி இருக்கு. குழந்தைங்களுக்கும் சின்ன வயசுக்காரங்களுக்கும் முக்கியமான காரணம் கவாசாகி நோய், அத பத்தி கீழ தனியா எழுதியிருக்கேன்.

எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு அபூர்வ நோய்?

அவ்ளோ அபூர்வம் இல்லீங்க. 1983ல அமெரிக்கால 20,000 பேருக்கு மேல ஆஞ்சியோ படத்த (ரத்தக்குழாய்ல மருந்து விட்டு எடுக்கற எக்ஸ்ரே) பாத்த ஒரு பெரிய ஆய்வுல 100க்கு கிட்டத்தட்ட 5 பேருக்கு ஏதோ ஒரு அளவுல உப்பல் இருந்திருக்கு. அதுல பெரும்பாலானவங்களுக்கு சின்னதுதான். ஜெயன்ட்தான் நெசமாவே அரிது. வலதுபக்க குழாய்லதான் அதிகமா வரும், இடதுபக்கம் ஆரம்பிக்கற மெயின் குழாய்ல வர்றது ரொம்ப கம்மி.

எப்படி கண்டுபிடிச்சாங்க?

வருத்தமான கதை. நாலஞ்சு மாசமா சாப்ட்டுட்டு நடந்தா நெஞ்சுல ஒரு அழுத்தம்னு அப்பா சொல்லிகிட்டே இருந்தாரு, பக்கத்துல ஒரு கிளினிக்ல கேஸ்னு சொல்லி கேஸ் மாத்திரையே குடுத்துகிட்டு இருந்தாங்க, ஒரு ஈசிஜி கூட எடுக்கல. ஒரு நாள் பட்டறைல வேர்த்து ஊத்தி உக்காந்துட்டாரு, கூட வேலை செய்யற அண்ணன் 108க்கு அடிச்சு தூக்கிட்டு போனாரு. சின்ன மாரடைப்பு. ஆஞ்சியோ பண்ணப்பதான் குழாய் உப்பியிருக்கறது தெரிஞ்சுது. 40 வயசுக்கு மேல நடந்தா வர்ற, நின்னா போற நெஞ்சு அழுத்தத்த கேஸ்னு விடாதீங்க, ஈசிஜி எடுங்கன்னு நீங்களே வாய்விட்டு கேளுங்க.

ஆஞ்சியோல ரத்தம் ஓடற வழி மட்டும்தான் தெரியும், உள்ள கட்டி நெறஞ்சிருந்தா உப்பல் நெசத்தவிட சின்னதா காட்டும். அதனால எங்களுக்கு சிடி ஆஞ்சியோவும் எடுத்தாங்க, அதுல சுவர், கட்டி, சுண்ணாம்பு படிஞ்சது, பக்கத்துல எத அழுத்துது எல்லாமே தெரிஞ்சுது. வயித்துக்குள்ள போற பெரிய ரத்தக்குழாய்லயும் உப்பல் இருக்கான்னு ஒரு ஸ்கேன் பாத்தாங்க, ஏன்னா ஒரு இடத்துல இருந்தா இன்னொரு இடத்துலயும் இருக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கு அது பண்ணலைன்னா கேட்டுப்பாருங்க.

இருந்தா கண்டிப்பா ஆப்பரேஷன்தானா?

இல்லவே இல்ல. சின்னதா, தொந்தரவு இல்லாம இருந்தா மாத்திரையும் அப்பப்ப படம் எடுத்து பாக்கறதும் போதும், நெறைய பேரு அப்படியே காலம் தள்றாங்க. அளவும் எடமும் ஒத்துவந்தா மேல துணி மாதிரி உறை போட்ட ஸ்டென்ட் ஒண்ணு இருக்கு, அத உள்ள விட்டா ரத்தம் உப்பலுக்குள்ள போகாம நேரா போயிடும். ஆனா அந்த இடத்துல இருந்து கிளைக்குழாய் பிரிஞ்சா அதையும் சேத்து மூடிடும், ரொம்ப அகலமான குழாய்ல ஸ்டென்ட் பிடிச்சு நிக்காது. அப்பாவுக்கு 24 மில்லிமீட்டர், ஸ்டென்ட் பேச்சே எடுக்கல.

ஆப்பரேஷன்னு பொதுவா சொல்றது ஜெயன்ட் அளவு, வேகமா பெருசாகறது, மாத்திரை போட்டும் கட்டி தெறிச்சு மாரடைப்பு வர்றது, கூடவே பைபாஸ் தேவைப்படற அடைப்பு இருக்கறது, இடது மெயின் குழாய்ல இருக்கறது, பக்கத்து இதய அறைக்குள்ள ஓட்டை போட்டுக்கறது, இந்த மாதிரி நிலைமைங்கள்ல. "இத்தன மில்லிமீட்டர் வந்தா வெட்டு"ன்னு உலகம் முழுக்க ஒத்துகிட்ட ஒரே சட்டம் கிடையாது. ரெண்டு நல்ல டாக்டரு ரெண்டு விதமா சொல்றாங்கன்னா ஒருத்தரு ஏமாத்தறாருன்னு அர்த்தமில்ல. கார்டியாலஜிஸ்டும் சர்ஜனும் ஒண்ணா உக்காந்து உங்க படத்த பாத்து சொல்ற ஆஸ்பத்திரியா பாருங்க, என்னோட கருத்து இது.

ஆப்பரேஷன்ல என்னதான் பண்ணுவாங்க?

நெஞ்செலும்ப நடுவுல திறந்துதான் பண்றாங்க. உள்ள போனதுக்கப்புறம் வழி ஒண்ணு இல்ல, பல இருக்கு.

அப்பாவுக்கு பண்ணது, உப்பலுக்கு மேலயும் கீழயும் குழாய கட்டிட்டு, உப்பல திறந்து கட்டிய வழிச்சு எடுத்துட்டு, பையோட வாய தெச்சுட்டு, கால்ல இருந்து எடுத்த ரத்தக்குழாய வெச்சு கீழ்ப்பகுதிக்கு பைபாஸ் குடுத்தாங்க. முன்பக்க குழாய்ல அடைப்பும் இருந்ததால நெஞ்சுச்சுவர் உள்பக்கமா ஓடற குழாய எடுத்து அங்க இணைச்சாங்க. இந்த நெஞ்சுக்குழாய்தான் ராஜா, 10 வருஷம் கழிச்சும் 10 பேர்ல 9 பேருக்கு திறந்தே இருக்கும், கால் குழாய் அவ்ளோ உழைக்காது.

சிலருக்கு உப்பல முழுசா வெட்டி எடுத்துட்டு நடுவுல கால் குழாய ஒரு துண்டு வெச்சு தெச்சுடுவாங்க. சிலருக்கு உப்பின சுவர மடிச்சு தெச்சு சாதாரண அகலத்துக்கு கொண்டுவருவாங்க, லூசான பாவாடைக்கு டெய்லர் பிடிச்சு தெச்சு விடற மாதிரி. உப்பல்ல இருந்து கிளைக்குழாய் ஏதாவது பிரியுதான்னு முன்னாடியே பாத்து அதுக்கும் தனியா ரத்தம் போற வழி பண்ணணும், இல்லன்னா அந்த கிளைய நம்பியிருக்கற தசை செத்துடும். வலது குழாய்ல இது இன்னும் முக்கியம், இதயத்துடிப்ப ஓட்டற கரண்ட் மையங்களுக்கு நெறைய பேருக்கு அங்க இருந்துதான் ரத்தம் போகுது. அப்பாவுக்கு ரெண்டு நாள் துடிப்பு மெதுவானதால வெளியில இருந்து தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி வெச்சிருந்தாங்க, அப்பறம் சரியாயிடுச்சு.

உப்பல தொடாம பைபாஸ் மட்டும் பண்ணா போதாதா?

எங்க சித்தப்பா இதையே கேட்டாரு, நல்ல கேள்வி. அப்படியும் பண்றாங்க, சின்ன உப்பலுக்கு. ஆனா பெருச அப்படியே விட்டா ரெண்டு பிரச்சனை. உள்ள இருக்கற கட்டி தொடர்ந்து தெறிச்சுகிட்டே இருக்கும். இன்னொண்ணு, உப்பின குழாய்லயும் ரத்தம் தாராளமா போறதால புதுசா வெச்ச பைபாஸ் குழாய்க்கு வேலையே இருக்காது, ஓட்டம் இல்லாத குழாய் நாளாவட்டத்துல சுருங்கி மூடிக்கும். பழைய ரோட்ட மூடினாத்தான் பைபாஸ் ரோட்டுல வண்டி போகும்.

இதயத்த நிறுத்திட்டுத்தான் பண்ணுவாங்களா?

சாதாரண பைபாஸ் இந்தியால நெறைய இடத்துல இதயம் துடிக்கும்போதே பண்றாங்க, அதனால "அவங்களுக்கு நிறுத்தாம பண்ணாங்களே, எங்களுக்கு ஏன் மிஷின்"னு கேப்பாங்க. ஜெயன்ட் உப்பல துடிக்கற இதயத்துல புரட்டி அழுத்தினா உள்ள இருக்கற கட்டி நகந்து கீழ போயிடும். அதனால ஹார்ட் லங் மிஷின்ல போட்டு, இதயத்த நிறுத்தி, சுத்தமா திறந்து பண்றதுதான் பல சர்ஜனுங்களுக்கு நிம்மதி. நிறுத்தறதுன்னா பொட்டாசியம் கலந்த குளிர் மருந்து குடுத்து தசைய ஓய்வுல வெக்கறது, அந்த நேரம் மிஷின் உடம்புக்கு ரத்தம் ஓட்டும்.

உயிருக்கு ஆபத்து எவ்ளோ?

நம்பர் நான் சொல்ல மாட்டேன், தப்பாயிடும். இதயம் எவ்ளோ நல்லா அடிக்குது, கிட்னி, சுகர், வயசு, அவசரமா பண்றாங்களா நிதானமா பண்றாங்களாங்கறத பொறுத்து மாறும். சாதாரண பைபாஸவிட வேலை அதிகம், அதனால ரிஸ்க்கும் கொஞ்சம் கூடதான். உங்க சர்ஜன்கிட்ட நேராவே கேளுங்க, அவரு கோவப்பட மாட்டாரு: இந்த மாதிரி உப்பலுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா, எங்களுக்கு எந்த முறை, ஏன் அது, கிளைக்குழாய்க்கு என்ன ஏற்பாடு, பண்ணலைன்னா என்ன ஆகும், அப்பறம் ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை எத்தன நாள். ஒரு நோட்டுல எழுதிட்டு போங்க, உள்ள போனதும் எல்லாம் மறந்துடும்.

செலவுக்கு என்ன பண்றது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட கார்டு இருக்கான்னு மொதல்ல வீட்டுல தேடுங்க. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு, குடும்பத்துக்கே சேத்து வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. கார்டு இல்லன்னா ரேஷன் கார்டு, ஆதார், வருமான சான்றிதழோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு சென்டர்ல பதியலாம். ஆப்பரேஷன் தேதி குறிச்சப்பறம் ஓடாதீங்க, ஆஞ்சியோ ரிப்போர்ட் கைக்கு வந்த அன்னைக்கே போங்க. நம்ம ஊர்ல அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரில இதயப்பிரிவு இருக்கு, மொதல்ல அங்க படத்த காட்டி கருத்து கேக்கறதுல ஒரு நஷ்டமும் இல்ல. எந்த ஆஸ்பத்திரி திட்டத்துல இருக்குன்னு குழப்பம்னா 104க்கு போன் பண்ணி கேளுங்க.

வீட்டுக்கு வந்தப்பறம் எப்படி பாத்துக்கணும்?

ஐசியூல ரெண்டு மூணு நாள், மொத்தமா ஒரு வாரம் பத்து நாள். நெஞ்செலும்பு ஒண்ணா சேர ரெண்டுல இருந்து மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் தண்ணி குடம், கேஸ் சிலிண்டர், பேரப்புள்ள எதையும் தூக்கக்கூடாது, கைய ஊனி எழுந்திருக்கக்கூடாது. இருமும்போது ஒரு தலகாணிய நெஞ்சோட அணைச்சு பிடிச்சுக்கணும். குழாய் எடுத்த காலு வீங்கும், பயப்படாம உக்காரும்போது தூக்கி வெச்சுக்கணும். புண்ணுல சீழ், காய்ச்சல், எலும்பு "கடக்"குன்னு நகர்ற மாதிரி இருந்தா உடனே போங்க.

யாரும் சொல்லித்தராத ஒண்ணு சொல்றேன். ஆப்பரேஷனுக்கு அப்பறம் ரெண்டு மாசம் அப்பா சும்மா சும்மா அழுதாரு, பட்டறைல குரல் ஒசந்த மனுஷன். இதய ஆப்பரேஷனுக்கு அப்பறம் மனசு தளர்றது சகஜம்னு டாக்டரு சொன்னாரு. தினமும் சாயங்காலம் கூட நடந்துபோக ஒரு ஆள் இருந்ததுதான் அவர தேத்துச்சு.

ரத்தம் உறையாத மாத்திரை போட்டா கீரை சாப்பிடக்கூடாதா?

ஆஸ்பிரின் மட்டும்னா கீரைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரைன்னாதான் கீரைல இருக்கற வைட்டமின் கே கணக்குல வரும். அப்பவும் கீரைய நிறுத்த வேண்டாம், ஒரே அளவா சாப்பிடணும், ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை அடுத்த வாரம் சுத்தமா இல்லைன்னு ஆட்டினாதான் ஐஎன்ஆர் ஆடும். ஐஎன்ஆர்ங்கறது ரத்தம் எவ்ளோ லேட்டா உறையுதுங்கற டெஸ்ட், பொதுவா 2க்கும் 3க்கும் நடுவுல வெக்க சொல்வாங்க.

கீரையவிட பயப்பட வேண்டியது மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபினாக், இப்யூப்ரூஃபன் எல்லாம் இதோட சேந்தா வயித்துல ரத்தம் கசியும், மலம் தார் மாதிரி கருப்பா போகும். நாட்டு மருந்து, லேகியமும் டாக்டர கேக்காம வேண்டாம். பல்லு பிடுங்கறதுன்னாலும் முன்னாடியே சொல்லுங்க, நீங்களா மாத்திரைய நிறுத்திட்டு போகாதீங்க.

குழந்தைக்கு காய்ச்சல் வந்து இதய குழாய் உப்புமாங்கறாங்க, நெசமா?

நெசம். எங்க தெருவுலயே ஒரு மூணு வயசு பையனுக்கு வந்துச்சு. ஜப்பான்ல டோமிசாகு கவாசாகிங்கற குழந்தை டாக்டரு 1961ல முதல் குழந்தைய பாத்து 1967ல 50 குழந்தைங்கள பத்தி எழுதினாரு, அவரு பேருதான் நோய்க்கு. 5 நாளோ அதுக்கு மேலயோ விடாத காய்ச்சல், பீளை இல்லாம ரெண்டு கண்ணும் செவக்கறது, உதடு வெடிச்சு நாக்கு ஸ்ட்ராபெரி மாதிரி செவப்பா ஆகறது, உடம்புல தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்துல நெறிகட்டறது, ரெண்டாவது வாரத்துல விரல் நுனி தோல் உரியறது. இதுல எல்லாமே வரணும்னு இல்ல, ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கற பாப்பாக்கு சில நேரம் காய்ச்சல் மட்டும்தான் தெரியும், அதுங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

வைத்தியம் பண்ணலைன்னா நாலுல ஒரு குழந்தைக்கு குழாய் உப்பலாம். 10 நாளுக்குள்ள ஐவிஐஜிங்கற ஊசி மருந்து ஏத்திட்டா 100க்கு 4 பேர் மாதிரி கொறஞ்சுடும். அம்மை போட்டிருக்குன்னு வேப்பிலை கட்டி வீட்டுலயே வெச்சிருந்தா இந்த 10 நாள் போயிடும், கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன், மாரியாத்தாளையும் கும்பிடுங்க, அஞ்சாம் நாள் குழந்தை டாக்டர்கிட்டயும் காட்டுங்க, எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்க.

சின்ன உப்பல்ல பாதிக்கு மேல ஒண்ணு ரெண்டு வருஷத்துல சாதாரண அளவுக்கு வந்துடும். ஜெயன்ட்தான் அப்படி வராது, அவங்களுக்கு ஆஸ்பிரினோட வார்ஃபரினும் போகும், சிலருக்கு பின்னாடி அடைப்பு வந்தா குழந்தையிலயே பைபாஸ் பண்றாங்க. அப்ப நெஞ்சுக்குழாயத்தான் எடுப்பாங்க, ஏன்னா புள்ள வளர வளர அதுவும் கூடவே வளரும், கால் குழாய் வளராது. ஐவிஐஜி போட்டா எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசி மாதிரி உயிருள்ள கிருமி ஊசிங்கள 11 மாசம் தள்ளிப்போட சொல்வாங்க, அங்கன்வாடில நர்ஸம்மாகிட்ட டிஸ்சார்ஜ் சீட்ட காட்டிடுங்க. ஆஸ்பிரின் சாப்பிடற குழந்தைக்கு சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தா அன்னைக்கே டாக்டருக்கு சொல்லணும்.

மலைப்பாதைல போலாமா? ஏற்காடு உயரம் ஒத்துக்குமா?

நாகலூர்க்காரங்க எல்லாரும் கேக்கறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான், இதயம் நல்லா அடிக்குதுன்னு எக்கோல வந்துட்டா அந்த உயரம் பொதுவா பிரச்சனை இல்ல, உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பிரச்சனை அந்த 20 கொண்டை ஊசி வளைவுதான், எலும்பு கூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வளைவுலயும் உடம்பு சாஞ்சா நெஞ்சு இழுக்கும். நாங்க மூணு மாசம் கழிச்சுதான் போனோம், பஸ்ல இல்ல கார்ல, முன்சீட்டுல, சீட்பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு துண்ட மடிச்சு வெச்சு, நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்தி. மேல ஆம்புலன்ஸ் வந்து கீழ சேலம் எறங்கவே நேரமாகும், அதனால மலைல தங்கறவங்க மாத்திரை பதினஞ்சு நாளுக்கு கையிருப்பு வெச்சுக்கோங்க, டிஸ்சார்ஜ் சீட்டையும் கடைசி ஐஎன்ஆர் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து வீட்டுல ரெண்டு பேரு போன்லயாவது வெச்சிருங்க. அம்மா அத லேமினேட் பண்ணி அப்பா சட்டைப்பையிலயே வெச்சுட்டாங்க.